ஜிஆர்இ கால்சி: எதற்குக் கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க ஜிஆர்இ நுழைவுத் தேர்வு எழுதலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "கால்சி உள்ளே விடுவாங்களா?" என்பது. விடமாட்டார்கள். நான்கு வருடம் பையிலேயே கிடந்து செமஸ்டர் தேர்வு அத்தனையிலும் உதவிய காஸியோ எஃப்எக்ஸ் 991 கால்குலேட்டர் இங்கே செல்லாது. அதற்குப் பதிலாகத் தேர்வுத் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் தருகிறார்கள். 2011 ஆகஸ்டில் தேர்வைப் புதுப்பித்தபோது அதை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் இதைச் சேர்த்தது. அதற்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாக் கணக்கையும் கையால்தான் போட்டார்கள். கால்குலேட்டர்தான் இருக்கிறதே, கணக்குப் பகுதி சுலபமாகப் போய்விடும் என்று நம்பிப் போகிறவர்கள் நன்றாக அடிபடுகிறார்கள். உங்கள் முன்னால் கால்குலேட்டர் இருப்பது கேள்வி தயாரிப்பவர்களுக்கும் தெரியும், அதனால் வெறும் பெருக்கல் வகுத்தலில் விழுந்துவிடுகிற கேள்வியை அவர்கள் அவ்வளவாக வைப்பதில்லை.

என் கருத்து இதுதான்: கணக்கை எப்படிப் போடுவது என்று காகிதத்தில் முடிவான பிறகு, கடைசி வரியில் நிற்கும் எண்களை முடித்துக் கொடுக்க மட்டும் இதைத் திறக்க வேண்டும். முன்னாலேயே திறந்தால் நேரம் போகும், சில சமயம் விடையும் சேர்ந்து போகும். அதோடு இந்தக் கால்குலேட்டருக்கென்று சில குணங்கள் உண்டு, அவற்றைத் தேர்வு நாளன்று கண்டுபிடித்துக்கொண்டிருக்கக் கூடாது, வீட்டிலேயே பழகிவிட வேண்டும்.

விதிகள்

2023 செப்டம்பர் 22 முதல் ஜிஆர்இ சுருங்கிவிட்டது, மொத்தம் 1 மணி 58 நிமிடம்தான். அதில் குவான்ட் எனப்படும் கணக்குப் பகுதி இரண்டு செக்‌ஷன்: ஒன்றில் 12 கேள்விக்கு 21 நிமிடம், மற்றதில் 15 கேள்விக்கு 26 நிமிடம். கால்குலேட்டர் இந்த இரண்டில் மட்டும்தான் வரும். மொழித்திறன் பார்க்கும் வெர்பல், கட்டுரை இரண்டிலும் கிடையாது, தேவையும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு கேள்விக்குச் சுமார் ஒண்ணே முக்கால் நிமிடம். இந்த ஒண்ணே முக்கால் நிமிடத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே எழுதியிருப்பதையெல்லாம் படிக்க வேண்டும்.

தேர்வு மையத்தில் எழுதினால் உங்கள் கால்குலேட்டர், போன், கைக்கடிகாரம் எதுவும் அறைக்குள் வராது. ரஃப் வேலைக்குக் காகிதமும் பென்சிலும் அவர்களே தருவார்கள், தேர்வு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டிலிருந்து எழுதுவதாக இருந்தால் இதைவிடக் கெடுபிடி. சாதாரணக் காகிதம் வைத்துக்கொள்ளக் கூடாது. அழித்து எழுதுகிற சின்ன வெள்ளைப் பலகை ஒன்றோ, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த ஒரு தாளோ, அதன்மேல் எழுதி அழிக்க ஒரு மார்க்கரும்தான் அனுமதி. மேஜையில் வேறு கால்குலேட்டர் கிடக்கக் கூடாது, கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டரைத் திறக்கக் கூடாது, கண்காணிப்பாளர் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார். விதியை மீறினால் மதிப்பெண்ணையே ரத்து செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது, எனவே தேர்வுக்கு முன்பே மேஜையைத் துடைத்து வைத்துவிடுங்கள், "சும்மா கிடந்தது சார்" என்று சொல்லி அங்கே சமாளிக்க முடியாது.

வெள்ளைப் பலகையில் எழுதுவது காகிதத்தில் எழுதுவது மாதிரி இல்லை, இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அழித்தால் முன்னால் எழுதிய இடைவிடையும் போய்விடும். வீட்டிலிருந்து எழுதுகிறவர்கள் ஒரு வாரமாவது அதே பலகையில் பயிற்சி செய்ய வேண்டும்.

எம்டெக் சேர்க்கைக்கான கேட் (GATE) எழுதிவிட்டு ஜிஆர்இ பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கேட் தேர்விலும் திரையில்தான் கால்குலேட்டர், ஆனால் அது சயின்டிஃபிக். சைன், காஸ், லாக் எல்லாம் இருக்கும். ஜிஆர்இயில் இருப்பது மளிகைக் கடை மேஜையில் இருக்கும் ரகம். எம்பிஏ படிப்புக்கான ஜிமேட்டில் வேறு மாதிரி: அங்கே குவான்ட் பகுதியில் 21 கேள்விக்கும் கால்குலேட்டரே கிடையாது, டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் மட்டும் தருகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்துப் படிக்கிறவர்கள் கையால் போடும் பழக்கத்தை விடாமல் இருப்பதுதான் நல்லது.

அதில் என்னென்ன இருக்கிறது

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம், அடைப்புக்குறி, தசமப் புள்ளி, கூட்டல் கழித்தல் குறியை மாற்றும் பட்டன். அப்புறம் மெமரிக்கு மூன்று: திரையில் உள்ளதை மெமரியில் கூட்ட எம் பிளஸ், மெமரியில் உள்ளதைத் திரைக்குக் கொண்டுவர எம்ஆர், மெமரியை அழிக்க எம்சி. அழிக்க இரண்டு: சிஇ அழுத்தினால் கடைசியாகத் தட்டிய எண் மட்டும் போகும், சி அழுத்தினால் போட்டுக்கொண்டிருந்த கணக்கே போகும். கீழே டிரான்ஸ்ஃபர் டிஸ்பிளே என்று ஒரு பட்டன், அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். அவ்வளவுதான். அடுக்குக்குறி போட வழியில்லை, சதவீத பட்டன் இல்லை, பின்னத்தைப் பின்னமாகவே காட்டுகிற வசதியும் இல்லை.

திரையில் எட்டு இலக்கம்தான் தெரியும். விடை 99,999,999-ஐத் தாண்டினால் எரர் என்று வந்து நின்றுவிடும், சி அழுத்தினால்தான் மறுபடி உயிர் வரும். பூஜ்யத்தால் வகுத்தாலும், எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டாலும் அதே எரர்தான்.

எட்டு இலக்கம் போதுமே என்று தோன்றும். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: 2³⁰ பெரியதா, 10⁹ பெரியதா? கால்குலேட்டரைத் திறந்து 2 × 2 × 2 என்று தட்டிக்கொண்டே போகிறீர்கள். 26 இரண்டுகள் வரை வண்டி ஓடும், திரையில் 67,108,864 நிற்கும். இருபத்தேழாவது இரண்டைப் பெருக்கியதும் எரர். இவ்வளவு நேரம் தட்டியதும் வீண், கையில் ஒன்றும் மிச்சமில்லை. 2¹⁰ என்றால் 1024, அது 1000-ஐவிடப் பெரியது, 1000 என்பது 10³, இரண்டு பக்கத்தையும் மூன்று அடுக்கு உயர்த்தினால் 2³⁰ பெரியது என்று பத்தே நொடியில் தெரிந்துவிடும். கேள்வி எதிர்பார்ப்பது இதைத்தான்.

ஃபேக்டோரியலிலும் இதே கதை. 11! என்பது 39,916,800, திரைக்குள் அடங்கிவிடும். 12! அடங்காது. 12! ÷ 9! என்ன என்று கேட்டால் மேலே கீழே தனித்தனியாகக் கணக்கிட உட்கார வேண்டாம், அடித்துவிட்டால் 12 × 11 × 10, அதாவது 1320.

சின்ன எண்களிலும் இப்படித்தான். 0.0003 × 0.0002 என்று போட்டால் எட்டு இலக்கத்தில் அதற்கு இடமே இல்லை, திரையில் பூஜ்யம் வரும். விடை பூஜ்யம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் அவசரத்தில் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. இந்த மாதிரி எண்களை 3 × 2 = 6 என்று வைத்துக்கொண்டு பத்தின் அடுக்கைத் தனியாகக் கூட்டுங்கள். பெரிய எண்ணுக்கும் அதே வழி: 2,400,000 × 350 என்று வந்தால் 24 × 35 = 840, விட்டுவைத்த ஆறு பூஜ்யத்தைப் பின்னால் சேர்த்தால் 840,000,000. நேராகத் தட்டியிருந்தால் எரர்.

எந்த வரிசையில் தட்டுவது

தெருமுனைக் கடையில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டர் தட்டுகிற வரிசையிலேயே கணக்குப் போடும். 1 + 2 ÷ 4 என்று தட்டினால் முதலில் 1 + 2 = 3 ஆக்கி, அதை 4-ஆல் வகுத்து 0.75 என்று சொல்லும். ஜிஆர்இ கால்குலேட்டர் அப்படி இல்லை, பள்ளியில் படித்த போட்மாஸ் விதிப்படி நடக்கும். வகுத்தலை முதலில் முடித்து 1.5 என்று காட்டும். இது நல்ல குணம்தான். ஆனால் இதை மறந்தால் எப்படி மாட்டுவோம் என்பதற்கு ஒரு கணக்கு.

ஒரு ஊரின் மக்கள்தொகை 48,750-இலிருந்து 61,425 ஆகிவிட்டது, எத்தனை சதவீதம் கூடியது? ஜிஆர்இ குவான்டில் அட்டவணையோ வரைபடமோ கொடுத்துக் கேட்கும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வரும் ரகம் இது. வித்தியாசத்தைப் பழையதால் வகுக்க வேண்டும், சரி. கை தானாக 61425 − 48750 ÷ 48750 = என்று தட்டும். திரையில் 61424 வரும், ஏனென்றால் அது 48750 ÷ 48750-ஐ முதலில் போட்டு 1 ஆக்கி, அந்த 1-ஐக் கழித்துவிட்டது. சரியான வழி, 61425 − 48750 தட்டியதும் ஒரு முறை = அழுத்தி 12675 வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு ÷ 48750 =. இப்போது 0.26. அதைவிடச் சுருக்கமான வழி, 61425 ÷ 48750 = என்று நேராக வகுத்துவிடுவது; 1.26 வரும், ஒன்றுக்கு மேல் இருப்பதுதான் வளர்ச்சி, 26 சதவீதம். சதவீத மாற்றம் கேட்டாலே புதியதைப் பழையதால் வகுத்துவிடும் இந்தப் பழக்கத்தை நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன், ஒரு படி குறைகிறது, தட்டும் எண்ணும் குறைகிறது.

அடைப்புக்குறியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அடைப்புக்குள் இன்னொரு அடைப்பு வைக்க வேண்டாம். உள்ளே இருப்பதை முதலில் முடித்து, காகிதத்தில் எழுதிக்கொண்டு, அப்புறம் வெளியே வாருங்கள்.

வர்க்கமூலம் போடுகிற வரிசை காஸியோவுக்கு நேர் எதிர். காஸியோவில் √ அழுத்திவிட்டு எண்ணைத் தட்டுவோம். இங்கே முதலில் எண், பிறகு √. அந்த √ திரையில் அந்த நொடியில் நிற்கும் எண்ணுக்கு மட்டும்தான் பொருந்தும். ஒரு செங்கோண முக்கோணத்தின் சிறிய பக்கங்கள் 20, 21 என்றால் 20 × 20 + 21 × 21 தட்டி, = அழுத்தி, 841 வந்த பிறகு √, விடை 29. இடையில் = அழுத்த மறந்து √ அழுத்தினால் அது திரையில் நிற்கும் கடைசி 21-க்கு மட்டும் மூலம் எடுத்துவிடும், விடை எங்கேயோ போய்விடும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளத்தான் நம் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு நாளாகிறது, விரல் அப்படிப் பழகியிருக்கிறது.

மெமரி பட்டனைப் பெரும்பாலானவர்கள் தொடுவதே இல்லை. போட்மாஸ் விதி இருப்பதால் பெருக்கிக் கூட்டுகிற கணக்குக்கெல்லாம் அது தேவைப்படாது என்பது உண்மை. உதாரணமாக, 18 பேருக்குத் தலைக்கு 245, 32 பேருக்குத் தலைக்கு 310, எல்லாருக்கும் சேர்த்துச் சராசரி என்ன என்றால் 18 × 245 + 32 × 310 =, 14330 வரும், அதை ÷ 50 = போட்டால் 286.6, முடிந்தது. மெமரி உதவுவது மூலங்களைக் கூட்டும்போது. √50 + √72 + √98 தோராயமாக எவ்வளவு? 50 √ எம் பிளஸ், 72 √ எம் பிளஸ், 98 √ எம் பிளஸ், கடைசியில் எம்ஆர், 25.455844 வரும். மெமரியில் ஏதாவது இருந்தால் திரையின் ஓரத்தில் எம் என்ற எழுத்து தெரியும், புதுக் கணக்கைத் தொடங்கும்முன் அது தெரிகிறதா என்று பார்த்து எம்சி அழுத்திவிடுங்கள், இல்லையென்றால் பழைய பாக்கி புதுக் கணக்கில் ஏறிவிடும். மெமரியிலிருந்து கழிக்கத் தனி பட்டன் இல்லை. எண்ணின் குறியை மாற்றிவிட்டு எம் பிளஸ் அழுத்தினால் கழிந்துவிடும். இதே கணக்கில் விடைகள் √2-இல் கொடுக்கப்பட்டிருந்தால் மெமரியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்: 5√2 + 6√2 + 7√2 = 18√2. எனவே கால்குலேட்டரைத் திறக்கும்முன் ஆப்ஷன்களைப் பாருங்கள்.

எப்போது திறக்கவே வேண்டாம்

ஆப்ஷன்களில் π, √, பின்னம் தெரிந்தால் கால்குலேட்டர் தேவையில்லை என்று கேள்வியே சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் பரப்பு கேட்டு ஆப்ஷன்கள் 20π, 25π, 30π என்று இருந்தால், 3.14 × 25 போட்டு 78.5 என்று எடுத்துவைத்து என்ன செய்வது? திரும்ப π-ஆல் வகுக்க வேண்டியதுதான்.

குவான்டிடேடிவ் கம்பாரிசன், அதாவது ஏ பெரியதா பி பெரியதா என்று கேட்கிற கேள்விகளில் முக்கால்வாசிக்கு மேல் கால்குலேட்டர் இல்லாமலே போகும் என்பது என் கணிப்பு. அங்கே சரியான மதிப்பு யாருக்கும் வேண்டாம், எது பெரியது என்று தெரிந்தால் போதும். ஏ: 83-இல் 17 சதவீதம், பி: 17-இல் 83 சதவீதம். இதற்குப் போய்த் திறப்பவர்கள் உண்டு. இரண்டுமே 83 × 17 ÷ 100, சமம். ஏ: 99 × 101, பி: 100². முதலாவது 100²-இலிருந்து 1 குறைவு, பி பெரியது. கால்குலேட்டரும் இதே விடையைத்தான் தரும், ஆனால் அதைத் திறந்து, தட்டி, மூடி வருவதற்குள் இருபது முப்பது நொடி போயிருக்கும். அப்படிப் போகிற நொடிகள் சேர்ந்து செக்‌ஷன் கடைசியில் இரண்டு கேள்வியைப் படிக்காமலே ஏதோ ஒன்றைக் கிளிக் செய்ய வைத்துவிடும்.

மாறி இருக்கிற கணக்கிலும் அது உதவாது. x எதிர்மறையாக இருக்கலாமா, பின்னமாக இருக்கலாமா என்று யோசிக்க வேண்டிய இடத்தில் எந்தப் பட்டனும் வழி காட்டாது.

பெரிய அடுக்கின் கடைசி இலக்கம் கேட்டாலும் அப்படித்தான். 7⁴³-இன் ஒன்றாம் இலக்கம் என்ன? 7-இன் அடுக்குகள் 7, 9, 3, 1 என்று நான்கு நான்காகச் சுற்றி வரும், 43-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3, எனவே மூன்றாவதாக வரும் 3 விடை. கால்குலேட்டர் 7⁹ வரைதான் தாங்கும்.

எப்போது திறக்க வேண்டும்

இவ்வளவு சொன்னதால் அதைத் தொடவே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கையால் போட்டுப் பெருமைப்பட இது இடமில்லை. எண்கள் முரடாக இருந்து, வழி தெளிவாக இருந்தால் உடனே திறங்கள்.

கூட்டுவட்டி நல்ல உதாரணம். 25,000-க்கு ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டுவட்டி, மூன்று வருடம் கழித்து எவ்வளவு? 1.08 × 1.08 × 1.08 × 25000 = என்று ஒரே வீச்சில் தட்டினால் 31492.8. இதைக் கையால் போடுவது வீண் வேலை. ஆனால் தட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு நொடி யோசியுங்கள்: தனிவட்டி என்றால் வருடத்துக்கு 2000, மூன்று வருடத்துக்கு 6000, ஆக 31,000. கூட்டுவட்டி அதைவிடக் கொஞ்சம் கூட வரும். வந்த விடை அதற்குப் பொருந்துகிறது. இந்தத் தோராயத்தைப் போடாமல் தட்டுகிறவர்களுக்கு ஒரு பூஜ்யம் கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. மேலே சொன்ன மக்கள்தொகைக் கணக்கில் 48750-க்குப் பதில் 487500 என்று விரல் தட்டிவிட்டால் விடை 2.6 சதவீதம் என்று வரும், துரதிர்ஷ்டம் என்னவென்றால் அதுவும் ஒரு ஆப்ஷனாக இருக்கலாம். 48 ஆயிரத்திலிருந்து 61 ஆயிரம் என்றால் கால் பங்கு கூடியிருக்கிறது என்று முன்பே நினைத்துவைத்தவர் அதைத் தொடமாட்டார்.

அட்டவணை, வரைபடக் கேள்விகளில் கால்குலேட்டர் அதிகம் உழைக்கும், அங்கேயும் முதலில் ஆப்ஷன்களின் இடைவெளியைப் பாருங்கள். 5,943-இல் 19.7 சதவீதம் தோராயமாக எவ்வளவு என்று கேட்டு 600, 900, 1200, 1500 என்று கொடுத்திருந்தால் 6000-இல் ஐந்தில் ஒரு பங்கு, 1200, போய்க்கொண்டே இருங்கள். 1150, 1170, 1190 என்று நெருக்கமாக இருந்தால்தான் தட்ட வேண்டும்.

பின்னங்களை ஒப்பிடுவதற்கும் வசதி. 17/23 பெரியதா, 29/39 பெரியதா? வகுத்துப் பார்த்தால் 0.7391304, 0.7435897. குறுக்கே பெருக்கினாலும் 663, 667 என்று அதே முடிவு. உங்களுக்கு எது வேகமோ அது.

மீதி கேட்கிற கணக்குக்கும் ஒரு சுலப வழி உண்டு. 5000-ஐ 37-ஆல் வகுத்தால் மீதி என்ன? 5000 ÷ 37 = போட்டால் 135.135 சொச்சம். முழு எண் 135. இப்போது 5000 − 135 × 37 =, பெருக்கல் தானாக முதலில் நடக்கும், 5 வரும். தசமப் பகுதியை மட்டும் எடுத்து 37-ஆல் பெருக்கினாலும் கிடைக்கும், ஆனால் எட்டு இலக்கத்தில் வெட்டப்பட்ட எண் என்பதால் சரியாக 5 வராமல் 5-ஐ ஒட்டிய ஒரு தசமமாக இழுத்துக்கொண்டு நிற்கும், பார்க்கிறவருக்குக் குழப்பம்.

அதே காரணத்தால்தான், பெருக்கலும் வகுத்தலும் கலந்து வரும் கணக்கில் பெருக்கலை முதலில் முடித்து வகுத்தலைக் கடைசிக்கு வையுங்கள் என்று சொல்வது. முதலிலேயே வகுத்துவிட்டால் 0.6666667 மாதிரி வெட்டுப்பட்ட எண்ணோடு மீதிக் கணக்கு நடக்கும், கடைசியில் முழு எண்ணாக வர வேண்டியது வால் முளைத்து வரும். இடையில் நீங்களாக 0.67 என்று சுருக்கினால் இன்னும் மோசம். சுருக்குவதெல்லாம் கடைசி விடையில் மட்டும்.

தசமத்தைப் பார்த்ததும் பின்னத்தை அடையாளம் காணும் பழக்கமும் வேண்டும், ஏனென்றால் கால்குலேட்டர் 0.5833333 என்று காட்டும், ஆப்ஷனில் 7/12 இருக்கும். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு ஆகியவற்றால் 1-ஐ வகுத்தால் வருவதை மனப்பாடம் செய்துவிடுங்கள், ஒரு சாயங்கால வேலைதான்.

டிரான்ஸ்ஃபர் டிஸ்பிளே

நியூமெரிக் என்ட்ரி என்று ஒரு வகைக் கேள்வி உண்டு, ஆப்ஷன் இருக்காது, பெட்டியில் விடையை நாமே எழுத வேண்டும். டிரான்ஸ்ஃபர் டிஸ்பிளே பட்டனை அழுத்தினால் கால்குலேட்டர் திரையில் உள்ள எண் அப்படியே அந்தப் பெட்டிக்குள் போய்விடும். எண்ணைப் பார்த்துத் திரும்பத் தட்டும்போது வரும் பிழை இதில் வராது என்பது நல்லது. ஆனால் "அப்படியே" என்பதில்தான் ஆபத்து.

மக்கள்தொகைக் கணக்குக்கே வருவோம். திரையில் 0.26. பெட்டிக்குப் பக்கத்தில் சதவீதக் குறி போட்டிருக்கிறது. பட்டனை அழுத்தினால் பெட்டியில் 0.26 சதவீதம் என்று நிற்கும். வேண்டியது 26. முழுக் கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டு இந்த இடத்தில் மதிப்பெண்ணை விடுவது மனதை மிகவும் உறுத்தும். அதேபோல இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி எழுதச் சொல்லியிருந்தால் 0.5833333 என்று அனுப்பக் கூடாது, 0.58 என்று நாமே தட்ட வேண்டும். சுருக்கச் சொல்லவில்லை என்றால் சுருக்கக் கூடாது. அனுப்பிய பிறகு பெட்டியையும் கேள்வியின் கடைசி வரியையும் ஒருமுறை சேர்த்துப் படியுங்கள்.

மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு பெட்டி கொடுத்துப் பின்னமாகக் கேட்டால் இந்தப் பட்டன் வேலை செய்யாது. அங்கே தசமத்தைத் தேடிப் போவதே தப்பு, ஆரம்பத்திலிருந்தே பின்னமாகப் போடுங்கள். ஒரு நிம்மதி, பின்னத்தைக் கடைசி வரை சுருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, 5/12-க்குப் பதில் 10/24 என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்கள். தசமத்தில் 2.5 எழுதினாலும் 2.50 எழுதினாலும் ஒன்றுதான்.

எப்படிப் பழகுவது

படிக்கத் தொடங்கும் நாளிலேயே காஸியோவையும் போனில் உள்ள கால்குலேட்டரையும் மேஜையை விட்டு எடுத்துவிடுங்கள். இடிஎஸ் தளத்தில் பவர்பிரெப் என்ற மாதிரித் தேர்வு இரண்டு இலவசமாகக் கிடைக்கிறது, நிஜத் தேர்வில் வரும் அதே கால்குலேட்டர் அதில் இருக்கும். முதல் தேர்வைத் தொடங்கியதும் மவுஸால் அழுத்துவது உங்களுக்கு வசதியா, கீபோர்டில் எண்ணைத் தட்டுவது வசதியா என்று பார்த்து ஒன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள். கால்குலேட்டர் கேள்வியை மறைத்தால் இழுத்து ஓரமாக வைக்கவும் அங்கேயே பழகலாம். மேலே சொன்ன மக்கள்தொகைக் கணக்கு, முக்கோணக் கணக்கு, மூன்று மூலங்களைக் கூட்டிய கணக்கு, இந்த மூன்றையும் அதில் ஒருமுறை தட்டிப் பார்த்தால் அதன் குணம் பாதி புரிந்துவிடும்.

தினசரிப் பயிற்சிக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் உள்ள சாதாரணக் கால்குலேட்டர் போதும், ஆனால் அது போட்மாஸ் பார்க்காது என்பதை நினைவில் வையுங்கள். இருபது வரை வர்க்கங்கள், பத்து வரை கனங்கள், 2-இன் அடுக்குகள் 1024 வரை, இவை மனதில் இருந்தால் கால்குலேட்டரைத் திறக்கும் தடவைகள் தானாகக் குறையும். இதை யாரும் ஒரே வாரத்தில் செய்து முடிக்கச் சொல்லவில்லை, பஸ்ஸில் போகும்போது சொல்லிப் பார்த்தாலே ஏறிவிடும்.

இன்னொன்று செய்யுங்கள், எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தரும் பயிற்சி இல்லை. ஒவ்வொரு மாதிரி செக்‌ஷன் எழுதும்போதும் கால்குலேட்டர் திறந்த கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். எழுதி முடித்ததும் விடை சரியா தப்பா என்று பார்ப்பதற்கு முன்னால், புள்ளி வைத்த கேள்விகளை மட்டும் எடுத்து, கால்குலேட்டர் இல்லாமல் போட வழி இருந்ததா என்று யோசியுங்கள். இருந்தது என்றால் அந்த வழியை ஒரு வரியில் எழுதிவையுங்கள்: "அடித்திருக்கலாம்", "ஆப்ஷன் பார்த்திருந்தால் போதும்", "a² − b²" என்று இவ்வளவு போதும். 87² − 13² மாதிரி ஒன்று வந்தால் 74 × 100 என்று பார்த்ததும் தெரிய வேண்டும், கால்குலேட்டரில் தட்டி 7400 எடுத்தாலும் தப்பில்லை, ஆனால் தெரியாமல் தட்டுவதற்கும் தெரிந்தே தட்டுவதற்கும் நேரத்தில் வித்தியாசம் இருக்கிறது. கொஞ்ச நாளில் அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது எது என்று தெரிந்துவிடும், அடுத்த செக்‌ஷனுக்கு முன்னால் அந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டு உட்காருங்கள்.